அரிட்டாபட்டிக்கு வருகிறவர்களை எப்படி வரவேற்பது?

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, 2024 நவம்பரில், அதன் மலைகளையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன செய்தி வந்தது. மேலூர் வட்டாரமே திரண்டது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று ஊர் ஊராக மக்கள் மதுரையை நோக்கிக் கிளம்பினார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சுரங்கம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிற, பெயர் பரவிய ஊருக்கு ஆள் வராமல் இருப்பார்களா?

சுரங்கத்தோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம்தான். ஆனால் சுரங்கத்தை ஒருமுறை திரண்டு தடுத்துவிடலாம். வேனில் வந்து இறங்குகிற கூட்டத்தை ஒவ்வொரு ஞாயிறும் சமாளிக்க வேண்டும். அதற்கு வேறு இடங்களில் செய்து பார்த்த வழிகள் நாலைந்து இருக்கின்றன. எது அரிட்டாபட்டிக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பார்க்கலாம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நடத்துகிற பொறுப்பு ஊரிடம் இருக்க வேண்டும், மலைமேல் புதிதாக எதையும் கட்டக் கூடாது. இந்தச் சாய்வு எங்கே இடறும் என்பதும் கீழே வருகிறது.

அறிவிக்கப்பட்ட பரப்பு 193.2 ஹெக்டேர். அரிட்டாபட்டியில் 139.6, பக்கத்து மீனாட்சிபுரத்தில் 53.6. அதற்குள் அடுத்தடுத்து ஏழு பாறைக்குன்றுகள். ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு என்ற மூன்று வேட்டைப் பறவைகளுக்காகவே தேடி வருகிறவர்கள் உண்டு. எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பும் இருக்கின்றன. 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள் என்பது அரசின் கணக்கு. அவற்றில் ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தது. அப்புறம் கல். தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்து இருக்கிற குகைத்தளம், சமண முனிவர் அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் சிற்பம், அதன் பக்கத்தில் இந்த மலையைத் திருப்பிணையன்மலை என்று சொல்லும் வட்டெழுத்து, முற்காலப் பாண்டியர் குடைவரைச் சிவன் கோயில், அந்தக் கோயிலில் தமிழ்நாட்டில் அரிதாகவே பார்க்கக் கிடைக்கும், சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் லகுலீசர்.

எல்லாவற்றையும் ‘பாரம்பரியம்’ என்று ஒரே பலகையில் எழுதிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றும் கெடுகிற விதம் வேறு. கல்வெட்டைக் கெடுக்கக் கூட்டமே தேவையில்லை. ஆணியோ சாக்பீஸோ வைத்திருக்கும் ஒருவர் போதும். எழுத்து போட்டோவில் நன்றாக விழட்டும் என்று சாக்பீஸால் தேய்ப்பவர் கல்வெட்டின் மேல் பிரியம் உள்ளவராகத்தான் இருப்பார், அதுதான் வேடிக்கை. தேவாங்குக்கு இரவு வெளிச்சமும் வண்டிகளும் பகை. வல்லூறுக்கும் கழுகுக்கும் கூட்டுக்கு மேலே நடமாடும் ஆளும், பறந்து வருகிற ட்ரோனும் பகை. கண்மாய்க்குக் குப்பை. வெறும் பாறைமேல் விழுந்த பிளாஸ்டிக் பை முதல் மழைக்கே ஓடையில் இறங்கிக் கண்மாய்க்குப் போய், மடை வழியாக வயலுக்கு வந்துவிடும். ஊர்க்காரருக்கோ இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற தொல்லை, நெல் காயப்போடும் களத்தில் யாரோ காரை நிறுத்திவிட்டுப் போவது. ஆகவே ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்ற ஒற்றைக் கணக்கை வைத்துக்கொண்டு எந்த வழியையும் எடைபோட முடியாது.

நம் ஊர் அரசு அலுவலகங்களின் கை தானாகப் போகிற வழி ஒன்று இருக்கிறது. அதற்கு ‘மேம்பாடு’ என்று பெயர். மலைக்குப் படிக்கட்டு, இரும்புக் கைப்பிடி, ஹைமாஸ் விளக்கு, சிறுவர் பூங்கா, ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்தி நடுவில் சிவப்பு இதயம் வைத்த செல்ஃபி பாயின்ட். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முதியவர்களும் ஏறிப் பார்க்கட்டும், ஊருக்கும் நாலு காசு வரட்டும் என்றுதான் செய்கிறார்கள். ஆனால் படிக்கட்டு போட்டால் கீழே நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கும் ஆளும் உச்சிக்குப் போவார். அந்த உச்சிக்குக் கீழே பாறை முகத்தில்தான் கூடு இருக்கிறது. மேலே ஆளைக் கண்டால் பறவை கூட்டை விட்டு எழும். முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும். ஹைமாஸ் விளக்கு தேவாங்கின் இரவைப் பகலாக்கிவிடும். கட்டியதைத் திரும்ப இடிப்பதும் நடக்காத காரியம். பத்து வருடம் கழித்துத் தவறு என்று தெரிந்தாலும் படிக்கட்டு அங்கேயேதான் இருக்கும். மற்ற எந்த வழியும் சரிவராவிட்டால் அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம், இதை மாற்ற முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்பேன்.

வேலியும் டிக்கெட்டும் அடுத்த வழி. சித்தன்னவாசலில் இந்திய தொல்லியல் துறை வைத்திருக்கிறது. உள்ளே ஓவியம் இருக்கும் குடைவரை சின்னது. கூரையில் தாமரைக் குளமும் தூண்களில் ஆடல்மகளிரும் ஏற்கெனவே பாதி உதிர்ந்த நிலையில் இருக்கிறார்கள். அங்கே கதவும் காவலாளும் இல்லாவிட்டால் மிச்சமும் போய்விடும். அப்படிப்பட்ட இடத்துக்கு வேலிதான் சரி. அரிட்டாபட்டியில் அதற்கு ஈடான இடங்கள் குடைவரைக் கோயிலும் எழுத்து இருக்கிற குகைத்தளமும். அந்த இரண்டில் பகலெல்லாம் ஓர் ஆள் நின்றால் பாதிக் கவலை தீரும். ஆனால் ஏழு குன்றையும் சுற்றிக் கம்பிவேலி போடுவது வேறு கதை. ஆடு மேய்ப்பவரும், சாமி கும்பிடப் போகிறவரும், கண்மாய்க்குப் போகிறவரும் தன் ஊரிலேயே டிக்கெட் வாங்க வேண்டியதில்லை என்று சொன்னாலும், ‘நீ உள்ளூரா?’ என்று கேட்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். அந்தக் கேள்வியே போதும் ஊருக்கும் மலைக்கும் இருந்த உறவு அறுந்து போக. இன்னொன்று, தொல்லியல் துறை டிக்கெட் காசு ஒன்றிய அரசின் கணக்குக்குப் போகிறது. பக்கத்து ஊருக்குப் பங்கு கிடையாது. பங்கு இல்லாத ஊர் மலையைக் காக்க ஏன் மெனக்கெட வேண்டும்?

இ-பாஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்போது எந்தச் சுற்றுலா இடத்தைப் பற்றிப் பேசினாலும் யாராவது ஒருவர் ‘இ-பாஸ் போடுங்க சார்’ என்கிறார். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. முதலில் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை, கேட்டவருக்கெல்லாம் பாஸ். பிறகு 2025 கோடைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் விலக்கு. மலை எவ்வளவு வண்டி தாங்கும் என்பதை ஆராய ஐஐடி மெட்ராஸையும் ஐஐஎம் பெங்களூருவையும் நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், லாட்ஜ்காரர்கள் எதிர்த்தார்கள். இருந்தாலும் அங்கே அந்தத் திட்டத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. நீலகிரிக்கு ஏற மலைப்பாதைகள் கொஞ்சம்தான், ஒவ்வொன்றிலும் சோதனைச் சாவடி இருக்கிறது. பிரச்சினையே வண்டி நெரிசல்தான், எண்ணுவதும் வண்டியைத்தான். நோயும் மருந்தும் ஒத்துப்போகின்றன.

அரிட்டாபட்டி சமவெளிக் கிராமம். மேலூரிலிருந்து வரலாம், அழகர்கோவில் பக்கமிருந்து வரலாம், வரப்பு வழியாக நடந்தும் வரலாம். சாவடி எங்கே வைப்பது? வைத்தாலும், மாமியார் வீட்டுக்கு வருகிறவரையும் மலை பார்க்க வருகிறவரையும் கியூஆர் கோடு பிரித்துவிடுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, இ-பாஸ் எத்தனை பேர் என்று மட்டும்தான் பார்க்கும், அவர் என்ன செய்வார் என்று பார்க்காது. பத்தே வண்டிக்குப் பாஸ் கொடுத்து, அதில் ஒருவர் ட்ரோன் கொண்டுவந்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும், கூடு காலியாக இருக்கும். பொங்கல் விடுமுறை நாட்களில் பேருந்துக் கூட்டம் தாங்க முடியாத நிலை என்றாவது வந்தால் அப்போது யோசிக்கலாம். இன்றைக்கு இது தேவையில்லாத கருவி.

மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அங்கே வரையாடு குட்டி போடும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரியும் மார்ச்சும், பூங்காவை மூடிவிடுகிறார்கள். திறந்திருக்கும் காலத்திலும் சொந்த வண்டி உள்ளே போக முடியாது, வனத்துறைப் பேருந்தில்தான் போக வேண்டும். 97 சதுர கிலோமீட்டர் பூங்காவில் பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது ராஜமலை என்ற ஓர் ஓரம் மட்டும். மிச்சமெல்லாம் ஆட்டுக்கு. வருகிறவர்களும் முகம் சுளிப்பதில்லை. குட்டி போடும் நேரம் என்று சொன்னால் யாருக்குத்தான் புரியாது?

இதை அப்படியே அரிட்டாபட்டிக்கு எடுத்து வந்தால் ஒரு சிக்கல் வரும். லகர் வல்லூறும் ஷாஹீனும் போனெல்லிக் கழுகும் நம் பக்கத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது ஏறக்குறைய டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மதுரை வெயிலில் பாறைமேல் நடக்க முடிகிற மாதங்களும் அவையேதான். அரையாண்டு விடுமுறை, பொங்கல், அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு வருகிற வெளியூர்க் கூட்டம் எல்லாம் அந்த நாட்களில் வருகின்றன. ஏப்ரல் வரை ஊரையே மூடினால், மேயில் வந்து கொதிக்கிற பாறையைப் பார்க்க ஒருவரும் வரமாட்டார். காலத்தை மூடுவதற்குப் பதில் இடத்தை மூட வேண்டும். அந்த மாதங்களில் கூடு இருக்கிற பாறை முகமும் அதன் உச்சியும் மட்டும் யாருக்கும் இல்லை. மற்றபடி குடைவரை, சமணச் சிற்பம், கண்மாய்க் கரை எல்லாம் திறந்திருக்கலாம். கூடு ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. எந்தப் பாறையில் இந்த வருடம் பறவை உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தவர் யார்? தினமும் அந்தப் பக்கம் ஆடு ஓட்டிப் போகிறவர்.

இன்னொரு விஷயம். வேட்டைப் பறவையைப் பார்க்க மலை உச்சி நல்ல இடமே அல்ல. கண்மாய்க் கரையில் பைனாகுலரோடு காலையில் உட்கார்ந்தால், புறாக் கூட்டத்தின் மேல் வல்லூறு பாய்வது முழுசாகத் தெரியும். ஏறுகிறவருக்கு வியர்வைதான் மிச்சம்.

இங்கே ஒரு கேள்வி வரும். இவ்வளவு தொல்லை எதற்கு, யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன? ஊரில் அப்படி நினைப்பவர்கள் இருந்தால் அவர்கள்மேல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டங்ஸ்டன் கணக்கை ஒருமுறை திரும்பப் பாருங்கள். பாரம்பரியத் தலம் என்று அறிவித்த பரப்பு, ஏலம் போன 2,015 ஹெக்டேரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அறிவிப்பு வந்து இரண்டு வருடம் ஆகியும் ஏலம் நின்றுவிடவில்லை. நிறுத்தியது ஆட்கள். முன்னணியில் நின்றது உள்ளூர் மக்கள். அதற்கு முன்னால் கிரானைட்டுக்கு எதிராகவும் அவர்கள் நின்றார்கள். கீழவளவு பக்கம் மலைகள் துண்டுதுண்டாக லாரியில் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் மதுரையிலும் சென்னையிலும் குரல் எழுப்பியவர்களில், பசுமை நடை மாதிரியான குழுக்களோடு வந்து இந்தக் குடைவரையை நேரில் பார்த்தவர்களும் இருந்தார்கள். பார்க்காத மலைக்காக யாரும் தெருவுக்கு வருவதில்லை. வருகிறவர் மலைக்குத் தொல்லைதான், அதே சமயம் சாட்சியும்கூட. முழுக்க மூடினால் அடுத்த ஏலம் வரும்போது சாட்சி குறைந்துபோகும்.

கடைசி வழி, ஊரே நடத்துவது. நாகாலாந்தின் கொனோமாவில் அங்காமி மக்கள் 1998-இல் தங்கள் காட்டைத் தாங்களே பாதுகாப்புப் பகுதியாக அறிவித்து வேட்டையை நிறுத்தினார்கள். இன்றைக்கு அங்கே போகிறவர் ஊருக்குக் கட்டணம் கட்டி, உள்ளூர் வழிகாட்டியோடு சுற்றுகிறார். தேக்கடியில் வயணா என்ற காட்டு இலவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களையே குழுவாக்கி, காட்டுக் காவலும் வழிகாட்டலும் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். காட்டின் சந்துபொந்து அவர்களுக்குத்தானே அத்துப்படி. அவ்வளவு தூரம் ஏன், மேலூரிலிருந்து சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் போனால் வேட்டங்குடி சரணாலயம். அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. போலீஸ் போட்ட தடை கிடையாது, ஊர்க்கட்டுப்பாடு. வெளியூர் ஆள் ஒருவர் அங்கே வெடி கொளுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த இ-பாஸும் செய்ய முடியாத வேலையை அங்கே ஊர் செய்கிறது.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. பாரம்பரியத் தலம் என்று அறிவிப்பதால் உள்ளூர் மக்களின் வழக்கமான மேய்ச்சல், வழிபாடு போன்றவற்றுக்குத் தடை வராது, அவர்களாக முடிவு செய்தால் தவிர என்பது தேசிய பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல். ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், தனி நிதிக்கும் வழி சொல்கிறது. பல ஊர்களில் இந்தக் குழு காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அரிட்டாபட்டி மாதிரி போராடிப் பழகிய ஊரில் அதற்கு உயிர் கொடுப்பது மற்ற ஊர்களைவிடச் சுலபம்.

சரி, இடறுகிற இடங்கள். ‘ஊர்’ என்பது ஒரே ஆள் இல்லை. வழிகாட்டி வேலை யாருக்குப் போகும்? தலைவர் வீட்டுப் பையனுக்கா, மலையை நன்றாகத் தெரிந்த, ஆடு மேய்க்கும் பெண்ணுக்கா? எந்தத் தெரு ஆட்கள் கோயிலுக்கு முன்னால் நின்று விளக்கம் சொல்லலாம் என்ற பேச்சு எழாது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. குழுவில் பெண்களுக்கும் பட்டியலின மக்களுக்கும் இடம் கொடுக்கச் சொல்லும் விதி ஏற்கெனவே உண்டு. வழிகாட்டிகளைச் சுழற்சி முறையில், பேர் எழுதி ஒட்டி அனுப்பினால் கொஞ்சம் நேராகும். மீனாட்சிபுரத்தின் பங்கு என்ன என்பதும் முதல் நாளே பேசிவிட வேண்டியது, இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் சண்டை. அப்புறம் தேர்தல். தலைவர் மாறினால் நோட்டுப் புத்தகம் காணாமல் போகும். இவற்றையெல்லாம் தெரிந்தும் நான் இந்த வழியைத் தேர்வதற்குக் காரணம், மற்ற வழிகளில் தவறு நடந்தால் ஊர் சென்னைக்கோ டெல்லிக்கோ மனு எழுத வேண்டும். இதில் தவறு நடந்தால் கிராம சபையில் எழுந்து கேட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் கலந்து நான் கேட்பது இதுதான். அடித்தளம் ஊர்க்குழு. வழிகாட்டி இல்லாமல் மலை ஏறக் கூடாது, ஒரு குழுவுக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். சித்தன்னவாசலிடமிருந்து கடன் வாங்க வேண்டியது குடைவரைக்கும் குகைத்தளத்துக்கும் ஒரு காவலாள் மட்டும். அவருடைய சம்பளம் அரசுடையது. இரவிகுளத்திடமிருந்து கூடு காலக் கட்டுப்பாடும், வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிடும் பழக்கமும். ட்ரோனுக்கு எந்த மாதத்திலும் அனுமதி இல்லை. சூரியன் இறங்கிய பிறகு மலையில் யாரும் இல்லை, விளக்கும் இல்லை.

காலண்டர்கூடக் கைகொடுக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று நவம்பர் 1, இன்னொன்று மே 1. கூடு கட்டும் காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பும், முடிந்த கையோடும். நவம்பர்க் கூட்டத்தில் இந்த வருடம் எந்தப் பாறையை விட்டு விலகி நிற்பது என்று தீர்மானம் போடலாம். மே மாதக் கூட்டத்தில் பாறையைத் திறந்துவிட்டு, வந்த காசு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு போனது என்று வாசித்துவிடலாம்.

கட்டணம் இருபதா ஐம்பதா என்ற பேச்சில்தான் எல்லாக் கூட்டமும் முதலில் மாட்டிக்கொள்ளும். அதைக் கடைசிக்குத் தள்ளலாம். முதலில் முடிவாக வேண்டியது வண்டி எங்கே நிற்பது என்பது. ஊருக்கு வெளியே, களத்துக்கும் கண்மாய்க்கும் தள்ளி, பஞ்சாயத்து வசூல் செய்யக்கூடிய ஓர் இடம். அங்கே இறங்கி ஊருக்குள் நடந்து வரும் தூரத்தில் ஒரு டீக்கடையும், பனங்கிழங்கோ நுங்கோ விற்கிற ஒரு பாட்டியும் இருந்தால், வழிகாட்டியாகாத வீட்டுக்கும் நாலு காசு போய்ச் சேரும்.